பொம்மை பெரிதானால் கால் தாங்குமா?

திரைப்படப் பாத்திரங்களின் உருவில் அமைந்த, கைகால் மடங்கும் பொம்மைகளைச் சேர்த்து விளையாடுவோர் உலகெங்கும் உள்ளனர். 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் பாத்திரங்கள் 1978-இல் பொம்மைகளாயின. சிறியவை ஏறத்தாழ 10 செ.மீ. உயரம், பெரியவை ஏறத்தாழ 30 செ.மீ.

சிறிய பொம்மையை அதே பொருளால், எல்லாப் பக்கமும் மும்மடங்கு பெரிதாகச் செய்தால் எடை எத்தனை மடங்காகும்? மூன்று என்று சொல்லத் தோன்றும். சரியான விடை 27! நீளம், அகலம், உயரம் மூன்றும் பெருகுவதால் 3×3×3 = 27. ஆனால், அந்த எடையைத் தாங்கும் கணுக்காலின் குறுக்குவெட்டுப் பரப்பு 3×3 = 9 மடங்குதான். எனவே கணுக்காலின் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பும் முன்னைவிட மும்மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். இவ்வுண்மையைக் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

1933-இல் வந்த 'கிங் காங்' படத்தின் ராட்சதக் குரங்கை அறிவீர்களா? பெரும்பாலான காட்சிகளில் நடித்தது சுமார் 45 செ.மீ. உயரப் பொம்மையே! உள்ளே உலோக எலும்புக்கூடு. அதைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனிப் படமாக எடுத்தார்கள். தீவுக் காட்சிகளில் அது 18 அடி உயரமாகத் தோன்றும். இது உண்மைக் கொரில்லாவைப் போல ஏறத்தாழ மும்மடங்கு. 160 கிலோ கொரில்லா அப்படி வளர்ந்தால் எடை 160×27 = 4,320 கிலோ. ஒரு யானையின் எடை! அதைக் கொரில்லாக் கால்கள் சுமக்குமா? யானைக்குத் தூண் போன்ற கால்கள் இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் அய்யனார் கோயிலின் பெரிய மண்குதிரைகளைப் பாருங்கள். கால்கள் தடித்த குழாய்கள். உடலின் உட்புறம் வெற்றிடம். இதனால் எடை குறைகிறது. சூளையிலும் சீராக வேகிறது. திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரி, கொலுப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். கொலுவில் நிற்கும் பொம்மைகளைக் கவனியுங்கள். பலவற்றில் சேலை தரைவரை படர்ந்து அகன்ற அடித்தளமாகிறது. மெல்லிய கணுக்காலுக்கு அங்கே வேலையே இல்லை!

செய்து பாருங்கள்

ஈரமான கண்மாய்க் களிமண்ணை நன்கு பிசைந்துகொள்ளுங்கள். 4 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரத்தில் உடல் செய்து, 2 செ.மீ. நீளமும் அரை செ.மீ. தடிப்பும் உள்ள நான்கு கால்களைப் பொருத்துங்கள். அடுத்து எல்லா அளவுகளையும் இருமடங்காக்கி ஒன்றும், நான்கு மடங்காக்கி ஒன்றும் செய்யுங்கள். மூன்றும் ஒரே மண், ஒரே ஈரம்.

எதன் கால் முதலில் வளைகிறது? மூன்றையும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எடைகள் 1 : 8 : 64 என்ற விகிதத்தை நெருங்குகின்றனவா? பிறகு, பெரியதன் கால்களை எவ்வளவு தடிமனாக்கினால் அது நிற்கும் என்று நீங்களே கண்டறியுங்கள்.