சம்பளம் குறைந்த மாதம் சட்டியில் எதைக் குறைப்பது?



மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு இல்லை. கையில் வரும் காசும் சுருங்கிவிடும். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பலருடைய வேலை நின்றது. 2022-இல் கோழி விலை ஏறியது. இப்படி எது வந்தாலும் வீட்டில் முதல் அடி விழுவது சமையல் சட்டியில்தான்.

முதலில் எதைக் குறைக்கிறோம்? முட்டையை நிறுத்துகிறோம். பிறகு மீன். பிறகு பருப்புக் குழம்பில் தண்ணீர் கூடுகிறது. ஆனால் டின் பால், சீனி, பிஸ்கட், பொட்டலத்து மீ மட்டும் கடைப் பற்றில் வந்துகொண்டே இருக்கும். இது தலைகீழ்க் கணக்கு. உடம்பைக் கட்டும் உணவை நிறுத்திவிட்டு, வயிற்றை மட்டும் நிரப்பும் பொருளுக்குக் காசு கொடுக்கிறோம்.

டின் பால் பாலா?

டின்னில் ஒட்டியுள்ள தாளைப் படித்துப் பாருங்கள். இன்று நாம் தேநீருக்கு ஊற்றும் டின்னில் பெரும்பாலும் சீனியும் செம்பனை எண்ணெயும்தான். பால் சத்து கொஞ்சமே. ஏறக்குறைய பாதி சீனி. அதைக் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதற்குப் பிறகு குழைத்த சோறு, பருப்பு, முட்டையோடு தாய்ப்பாலையும் இரண்டு வயது வரை கொடுங்கள். பால் பத்தவில்லை என்றால் டின்னைத் திறக்காமல் கிளினிக் தாதியிடம் கேளுங்கள்.

காசுக்கு ஏற்ற சத்து

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. 100 கிராம் பருப்பில் 20 கிராமுக்கு மேல். சோற்றில் குறையும் சத்தைப் பருப்பு நிரப்பும். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பேருக்கு 200 கிராம் பருப்பை வேகவையுங்கள். ஒரு சிறு கைப்பிடி நெத்திலியை உப்புப் போக ஊறவைத்துக் கழுவிச் சேருங்கள். வீட்டோரத்து முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடியை உருவி, கழுவி, கடைசியில் போட்டு மூடி இறக்குங்கள். இறக்கிய பிறகே எலுமிச்சம்பழம் பிழியுங்கள்; அடுப்பில் கொதித்தால் அதன் ‘சி’ வைட்டமின் அழிந்துவிடும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பும் நெத்திலியும் உதவும்.

அதைக் கெடுப்பது எது தெரியுமா? சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர்! தேநீரிலும் கோப்பியிலும் உள்ள துவர்ப்பு, இரும்புச் சத்தைச் சேரவிடாது. “அதெப்படிங்க, தே குடிக்காம இருக்க முடியுமா?” என்பீர்கள். குடியுங்கள், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

அம்மாவின் தட்டு

நம் வீடுகளில் ஒரு பழக்கம். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, மிச்சக் குழம்பை வழித்துச் சாப்பிடுபவள் அம்மா. “எனக்கு இது போதும்” என்பாள். விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, வெட்டுக்காட்டுக்கும் போய், மாதந்தோறும் இரத்தமும் இழக்கும் உடம்புக்கு அது போதாது. மேடேறினால் மூச்சு வாங்குவது, தலைசுற்றல், கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருப்பது, எப்போதும் அசதி: இவை இரத்தச் சோகையின் அறிகுறிகளாக இருக்கலாம். ‘வயசாயிருச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் அங்கே கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும்.

வீட்டுக்காரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கைச்சுருக்கம் என்றால் முதலில் குறைய வேண்டியது சிகரெட்டும் போத்தலும். பிள்ளையின் முட்டை அல்ல.

அடுத்த சம்பள நாளில் கடைச் சிட்டையை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஒரு டின் பாலை அடித்துவிட்டு அந்தக் காசுக்கு முட்டை எழுதுங்கள். அன்றிரவு சோறு போடும்போது அம்மாவின் தட்டையும் சேர்த்தே வையுங்கள்.