நிற்கும்போதும் நீந்த வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

கிராப்பி மீனுக்காக நீ தூண்டில் முள்ளில் கட்டிய போலி இரைகளின், அதாவது ஃப்ளைகளின், படங்களைப் பார்த்தேன். நூல் சுற்று சீராக இருக்கிறது. தலை சிறியதாக முடிந்திருக்கிறது. கைக்குத் தொழில் பழகிவிட்டது, சந்தோஷம். ஆனால் எல்லாமே புசுபுசுவென்று கொழுத்து நிற்கின்றன. மேசையில் பார்க்க அழகு தரும் அந்தப் பருமன் தண்ணீரில் உனக்கு உதவாது.

கிராப்பி வெகுதூரம் துரத்திப் பிடிக்கிற மீன் அல்ல. மூழ்கிய மரத்தை ஒட்டி, தரைக்கும் மேற்பரப்புக்கும் நடுவே, கூட்டமாக அசையாமல் நிற்கும். தலைக்குச் சற்று மேலே ஒரு பொடிமீன் மெதுவாகக் கடந்தால் எழும்பிப் போய் உறிஞ்சிக்கொள்ளும். பாஸ் மீனுக்குப் பழகிய கைகள் ஃப்ளையை வெடுக்வெடுக்கென்று இழுத்து ஏமாறுவது இதனால்தான். இழுக்கிற வேகத்தில் எந்த ஃப்ளையும் மீனாகத்தான் தெரியும். இழுப்பை நிறுத்தினால் அது உயிரோடு நிற்கிறதா, கட்டையாகக் கீழே விழுகிறதா? நீ கட்டும்போது இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வை.

பாப் கிளவுசர் 1980களில் பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா ஆற்றில், ஸ்மால்மவுத் பாஸ் பிடிக்க உருவாக்கியதுதான் கிளவுசர் மின்னோ. ஈயக் கண்களை முள்ளின் தண்டுக்கு மேலே கட்டினார். அந்த எடையில் ஃப்ளை புரண்டு, முள்முனை மேல்நோக்கித் திரும்பிக்கொள்ளும். அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள். எடையை எடுத்துக்கொள்ளாதே. ஈயக் கண் பாஸுக்குச் சரி. கிராப்பியின் முன்னால் அது சட்டென்று விழுந்துவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மணிச்சங்கிலியில் இரண்டு மணிகளை வெட்டிக் கண்ணாக வை. அந்த எடை போதும்.

8ஆம் எண் முள்ளை வைஸ் இடுக்கியில் பூட்டு. முள்ளின் காதிலிருந்து தண்டின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, மணிகளை எட்டு வடிவில் குறுக்கே சுற்றிக் கட்டி, ஒரு சொட்டுப் பசை விடு. பிறகு வெள்ளைச் செயற்கை ரோமம். துணியோடு ஒட்ட வெட்டியெடுத்த கற்றையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கிற குட்டை மயிரைச் சீப்பால் முழுக்க வாரி எறி. மிச்சத்தைப் பார்த்தால் இது போதுமா என்று சந்தேகம் வரும். அதிலும் பாதியைக் குறைத்துவிட்டுக் கட்டு. முள்ளைத் தலைகீழாகத் திருப்பி, மினுக்கிழை இரண்டு, மேலே சாம்பலோ ஆலிவோ இன்னொரு மெல்லிய கற்றை. மொத்த நீளம் இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். கலங்கிய தண்ணீருக்கு மேல்பக்கத்தைப் பளிச்சென்ற மஞ்சள்பச்சையாக மாற்றிக்கொள். நிறத்தைப் பற்றி இதற்குமேல் கவலைப்படாதே.

கட்டி முடித்ததும் உயரமான கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, ஃப்ளையை நூலில் தொங்கவிடு. நனைந்த ரோமம் ஒடுங்கி, பின்னாலிருந்து ஒளி ஊடுருவி, மெல்லிய மீனுடல் தெரிய வேண்டும். நூலை அசைக்காமல் பிடித்தாலும் வால்நுனி ஆட வேண்டும். ஆடவில்லையா? ரோமத்தை விட்டுவிட்டு மராபூவுக்குப் போ. வான்கோழியின் அந்த மென்தூவிக்கு நீரில் ஒரு சின்ன அசைவு போதும், தானே விரிந்து ஒடுங்கும். கிராப்பிக்கு அதைவிடச் சிறந்த பொருளை நான் பார்த்ததில்லை.

டென்னசியின் ரீல்ஃபுட் ஏரிக்கு ஒருமுறை போய் வா. 1811–12இல் நியூ மாட்ரிட் நிலநடுக்கங்களில் நிலம் தாழ்ந்து உருவான ஏரி அது. அப்போது மூழ்கிய காட்டின் அடிக்கட்டைகள் இன்னும் நீருக்குள் நிற்கின்றன. சராசரி ஆழம் சுமார் 5 அடிதான்; கிராப்பி அந்தக் கட்டைகளை விட்டு விலகாது. முள்முனை மேலே பார்த்தபடி, கட்டைகளில் சிக்காமல் வருவதன் அருமையை அங்கேதான் உணர்வாய்.

ஆழமான ஏரியில் எண்ணிக்கைதான் கண். உன் ஃப்ளை ஓர் அடி இறங்க எத்தனை எண்ணுகிறாய் என்று கரையோரத் தெளிநீரிலேயே பார்த்துவை. ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் கூட்டி எண்ணி, பிறகு இழு. மீன் தொட்ட எண்ணை மறக்காதே. கூட்டம் முழுக்க ஏறத்தாழ அந்த ஆழத்தில்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் குறைத்து எண்ணு. கீழே போய்விட்ட ஃப்ளையைக் கிராப்பி தேடி வருவது அரிது. மெல்லிய முனைநூலான டிப்பட்டை, ஃப்ளை தளர்ந்து ஆடும்படி சிறு வளையம் விட்டு முடிச்சிடு. இழுப்பு விரலளவு, பிறகு நிறுத்தம், நீ நினைப்பதைவிட நீளமாக. கடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் வரும், கைக்கும் தெரியாது. லைன் நுனி சற்று நின்றாலோ, பக்கம் நகர்ந்தாலோ, காரணமில்லாமல் தளர்ந்தாலோ கோலை மெல்ல உயர்த்து. வெட்டி இழுக்காதே. இந்த மீனைக் காகித வாய் என்று அழைக்கிறார்கள். வாயோரச் சவ்வு அவ்வளவு மெலிது, கிழித்துக்கொண்டு போய்விடும்.

வசந்தத்தில் தண்ணீர் 16 முதல் 20 பாகை செல்சியஸுக்கு வரும்போது கிராப்பி கரையோரம் முட்டையிட வரும். உனக்கு மிக எளிதான காலமும் அதுதான். ஆண்மீன் உடல் கறுத்து, முட்டைகளுக்குக் காவல் நிற்கும். பக்கத்தில் வரும் எதையும், உன் ஃப்ளையையும், பாய்ந்து கடிக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். சட்டம் எத்தனை மீனை அனுமதித்தாலும் சரி, கறுத்த ஆண் வந்தால் ஈரக்கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடு. வீட்டில் வறுக்க வேண்டுமென்றால் இலையுதிர் காலத்தில் போ. அப்போது பொடிமீன் கூட்டங்களைத் தொடர்ந்து கிராப்பியும் மறுபடி ஆழம் குறைந்த இடங்களுக்கு வரும், காவல் காக்க முட்டைகளும் இருக்காது.

அன்புடன்,
உன் அண்ணன்