பார்மட் போடுவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ எழுதியதைப் படித்தேன். செல்போனில் எடுத்து அனுப்பிய கணினித் திரையின் படங்களையும் பார்த்தேன். ஒரு நாள் நீலத்திரை வருகிறது. ஒரு நாள் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று உறைந்து நிற்கிறது. ஒரு நாள் ஒன்றுமே சொல்லாமல் அணைந்து தானே எழுகிறது. இரண்டு முறை பார்மட் போட்டாயிற்று, மூன்றாம் முறைக்குக் கடைக்காரர் கூப்பிடுகிறார். அப்பாவோ பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிவிடலாமா என்கிறார். உனக்கு பாலிடெக்னிக் ப்ராஜெக்ட் முடிக்க வேண்டும். பதற்றம் புரிகிறது. ஆனாலும் மூன்றாவது பார்மட்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாளைக்கு இதே கணினித் தொழிலுக்கு வரப்போகிறவள் நீ.

பார்மட் போட்டால் விண்டோஸ் புதிதாகும். ராம் புதிதாகாது, கணினிக்குக் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி புதிதாகாது, உங்கள் வீட்டுக் கரண்ட்டும் புதிதாகாது. இரண்டு பார்மட்டுக்குப் பிறகும் அதே கோளாறு திரும்பி வந்தது என்றால், அது விண்டோஸில் இல்லை என்பதற்குப் பாதி சாட்சி கிடைத்துவிட்டது. இன்னொரு நஷ்டமும் உண்டு. கோளாறு வந்த ஒவ்வொரு முறையும் கணினி தானாக எழுதி வைத்திருந்த குறிப்புகள் பார்மட்டில் அழிந்துபோகின்றன. என்ன பூச்சி என்று பார்க்காமல் பயிரை உழுது போட்டுவிட்டு, மறுபடியும் அதே வயலில் விதைப்பது போன்ற வேலை அது.

‘எப்பவாவது வர்றதுதானே, தானா சரியாப் போகும்’ என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 10 லட்சம் வீட்டுக் கணினிகளின் பதிவுகளை எடுத்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எட்டு மாதத்தில் மொத்தம் முப்பது நாளாவது ஓடிய கணினிகளில், ப்ராசஸர் பக்கத்துப் பழுதால் விழுவதற்கு இருந்த வாய்ப்பு 190இல் ஒன்று. ஆனால் ஒருமுறை அப்படி விழுந்த கணினி இரண்டாம் முறையும் விழுவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு வாய்ப்பு. வன்பொருள் பழுது தானாகப் போவதில்லை, வந்த இடத்துக்கே திரும்பி வருகிறது. அம்மாவிடம் இதைச் சொல்.

முதல் வேலை, வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால்: கோப்புகளை நகல் எடு. ப்ராஜெக்ட், போட்டோக்கள், அப்பாவின் மனுக்கள், பட்டா ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் போடு. ஹார்டு டிஸ்க் பழுது சொல்லிக்கொண்டு வராது. கூகுள் 2007இல் தன்னுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்டதில், பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாளில் செத்துப்போக 39 மடங்கு வாய்ப்பு இருந்தது. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் குறிப்புகளில் எந்த எச்சரிக்கையும் தராமலே போன டிஸ்க்குகளும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலைப் போட்டுப் பார். மஞ்சளில் ‘காஷன்’ என்று காட்டினால் அன்றைக்கே டிஸ்க்கை மாற்றிவிடு. நீலத்தில் ‘குட்’ என்று காட்டினாலும் நகல் எடுப்பதை நிறுத்தாதே.

அப்பாவின் மனுக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போன பார்மட்டுக்குப் பிறகு அவை கிறுக்கெழுத்தாகத் தெரிகின்றன, வைரஸ் தின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாய். வைரஸ் இல்லை. அவை பாமினியிலோ வானவில்லிலோ தட்டியவையாக இருக்கும். பார்மட்டில் அந்த எழுத்துரு போய்விட்டது, அவ்வளவுதான். எழுத்துருவை மறுபடி நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தும், பழைய எழுத்துருக்களில் இருக்கும் ஆவணங்கள் நம் வீடுகளில் ஏராளம். நேரம் கிடைக்கும்போது அப்பாவுடையதை யூனிகோடுக்கு மாற்றிக் கொடு. இன்னொரு பார்மட்டில் அவர் தவிக்கக் கூடாது.

அடுத்து ஒரு நோட்டு. கணினி பக்கத்திலேயே இருக்கட்டும். விழும் ஒவ்வொரு முறையும் தேதி, மணி, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, திரையில் என்ன எழுத்து வந்தது, வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுது. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். நீலத்திரை வந்ததும் கணினி தானே எழுந்துவிடுவதால் படிக்க நேரம் இல்லை என்கிறாய். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’ பகுதிக்குப் போய் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற டிக்கை எடுத்துவிட்டால், நீயாக அணைக்கும்வரை திரை அப்படியே நிற்கும்.

கணினியும் தனக்கென ஒரு நோட்டு வைத்திருக்கிறது. தேடல் பெட்டியில் ரிலையபிலிட்டி என்று தட்டு, ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ வரும். நாள் வாரியாக ஒரு கோடு, 1 முதல் 10 வரை மதிப்பெண், விழுந்த நாட்களில் சிவப்புப் பெருக்கல் குறி. அந்தக் குறியைத் தொட்டால் எந்த நிரல் எத்தனை மணிக்கு விழுந்தது என்று தெரியும். 2007இல் வந்த விஸ்டாவிலிருந்தே இது இருக்கிறது. பழுது பார்க்கிறவர்களிலேயே பலர் இதைத் திறந்து பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இப்போது உன் படங்களுக்கு வருகிறேன். நீலத்திரையில் ஒவ்வொரு முறையும் ஒரே பெயர் வந்தால், குறிப்பாக ஒரு கோப்பின் பெயரோடு வந்தால், ஏதோ ஒரு டிரைவர் அல்லது நிரலைச் சந்தேகிக்க வேண்டும். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சின்னக் கோப்பு, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை விழ வைத்தது. அவர்களுடைய நிரலுக்குக் கொடுக்கப்பட்ட தகவல்கள் 20. புதிய கோப்போ 21ஆவதைப் படிக்கச் சொன்னது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய் கணினி விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. நிறுவனம் 78 நிமிடத்தில் கோப்பைத் திருத்திவிட்டாலும், ஏற்கெனவே விழுந்து எழுந்துகொண்டிருந்த பெரும்பாலான கணினிகளுக்கு ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. போனவர்கள் என்ன செய்தார்கள்? சேஃப் மோடில் ஏற்றி, அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்தார்கள். நீலத்திரையிலேயே ‘சிஎஸ்ஏஜென்ட்’ என்று அவர்களுடைய டிரைவர் பெயர் இருந்தது. பெயரைப் படித்தவர்களுக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தது.

உன் படங்களில் அப்படி இல்லை. இரண்டு நீலத்திரையிலும் வேறு வேறு பெயர். பெயர் மாறிக்கொண்டே இருந்தால் நான் நிரலைத் தேட மாட்டேன். ராம், கரண்ட், சூடு என்று அடியில் இருப்பதைத் தேடுவேன். நீலத்திரையே வராமல் பட்டென்று அணைந்து எழுகிற நாட்களுக்கு விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று ஒரு பதிவு இருக்கும். அதைக் காரணம் என்று நினைத்துவிடாதே. ஒழுங்காக அணைக்கப்படாமல் எழுந்தேன் என்பதை மட்டும்தான் கணினி அதில் சொல்கிறது. கூடவே நீலத்திரைக் குறிப்பு எதுவும் இல்லையென்றால், சந்தேகம் கரண்ட் பக்கம் போகிறது.

நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘சாயங்காலம் தான் மாமா அதிகமா வருது.’ சாயங்காலம் உங்கள் வீட்டில் போர் மோட்டார் போடுகிறார்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு கரண்ட்டை இழுக்கும். வீட்டில் லைட் ஒரு கணம் மங்கும், பார்த்திருப்பாய். ஏற்கெனவே வோல்டேஜ் குறைந்திருக்கும் நேரத்தில் அந்த ஒரு கணத் தாழ்வைச் சாதாரண எஸ்எம்பிஎஸ் தாங்காது. பெட்டியின் மேல் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நம்பாதே. விலை மலிவானவற்றில் பல அந்த அளவுக்குத் தருவதில்லை. வீட்டுக்கு 230 வோல்ட் வர வேண்டும். பிளக்கில் செருகினால் எண் காட்டுகிற சின்ன வோல்ட் மீட்டர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். அதைக் கணினி இருக்கும் போர்டிலேயே செருகி, மோட்டார் போடும்போது எண் எவ்வளவு இறங்குகிறது என்று நோட்டில் எழுது.

யூபிஎஸ் இருக்கிறதே என்பாய். அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் உயிர் விட்டுவிடும், பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். முக்கியமான வேலை எதுவும் திறந்திருக்காதபோது சுவர் ஸ்விட்சை அணைத்துப் பார். கணினி சில நிமிடமாவது நிற்க வேண்டும். உடனே அணைந்தால் பேட்டரியை மாற்று, ஒரு வாரம் பார். மோட்டார் போட்டும் விழவில்லை என்றால் காரணம் அகப்பட்டுவிட்டது. சிபியூ பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்று தம்பி சொன்னானாம். அதை விளையாட்டாக விடாதே. எர்த் சரியில்லை, அல்லது பிளக்கின் மூன்றாவது கால் எங்கேயோ எட்டவில்லை. வயர்மேனை வரவழைத்துப் பார்க்கச் சொல். அதுவரை அந்தப் போர்டில் கணினியைப் போட வேண்டாம்.

பிறகு புழுதி. உங்கள் அரியலூர் வட்டாரமே ஆதியில் கடல் படிந்து விட்டுப்போன சுண்ணாம்புப் பாறை மேல் இருக்கிறது. அதனால்தான் ஆலத்தியூரில் 1997இல் சிமெண்ட் ஆலை வந்தது, செந்துறைப் பக்கம் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகின்றன. அந்த நுண்ணிய வெள்ளைப் புழுதி கணினி ஃபேன் வழியாக உள்ளே போய் ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் அடைத்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் அறையே நாற்பது டிகிரியை நெருங்கும்போது ப்ராசஸர் எங்கே போய் ஆறும்? நூறு டிகிரி பக்கம் போனால் முதலில் வேகத்தைக் குறைக்கும், பிறகு தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்று. ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷாலும் புளோயராலும் சுத்தம் செய். ஈரத்துணி கூடாது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதே. கரண்ட்டை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். மதர்போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள், தொட வேண்டாம்.

ராம் விஷயத்தில் கடைக்காரர் ரப்பர் போட்டுத் தேய்த்து மாட்டியதைக் குறை சொல்ல மாட்டேன். தொடும் இடம் களிம்பேறியிருந்தால் அது வேலை செய்யும். ஆனால் தேய்த்த பிறகு சோதிக்கவில்லையே! விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ இருக்கிறது, ராத்திரி ஓட விட்டுப் படுத்துக்கொள். பிழை வந்தால் இரண்டு ராமில் ஒன்றைக் கழற்றிவிட்டு இரண்டு நாள், அதை மாட்டி மற்றதைக் கழற்றி இரண்டு நாள் என்று பார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடாதே. ஒன்றை மாற்று, நாள் கொடு, எழுது. யூபிஎஸ் பேட்டரி, ராம், ஃபேன் மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாற்றி, கோளாறு போய்விட்டால் எது போக்கியது என்று உனக்குத் தெரியாது. அடுத்த வருடம் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய்.

அந்த மூன்றாவது படம், திரை முழுக்கச் சிவப்பு, வைரஸ் என்று எச்சரிக்கை, கீழே ஒரு போன் நம்பர். அது பிழைச் செய்தியே இல்லை, அந்த நம்பரைக் கூப்பிட வைத்துப் பணம் பறிக்கும் மோசடி. மைக்ரோசாஃப்ட் தன் பிழைச் செய்திகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. இப்படிப்பட்ட மோசடிக் கால்சென்டர்கள் உள்ளிட்ட இணையவழிப் பண மோசடிக் கும்பல்களுக்கு எதிராக சிபிஐ 2023 அக்டோபரில் நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை நடத்தியது. பிரவுசரை மூடிவிடு, நம்பரைக் கூப்பிடாதே, யாருக்கும் உன் கணினியைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி கொடுக்காதே. வீட்டில் யாராவது கூப்பிட்டுப் பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கடைக்காரர் போட்டது ‘கிராக்’ விண்டோஸ் 10 என்றால், அந்தக் கிராக் நிரலே தொல்லைகளைக் கூட்டி வரும். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. உங்கள் கணினி 11ஐ ஏற்காவிட்டால் லினக்ஸ் போட்டுத் தருகிறேன். அரசு 2011 முதல் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் இருந்ததே, நம் பிள்ளைகளுக்கு அது புதிது இல்லை. ஆனால் அது பிற்பாடு. கரண்ட்டும் ராமும் சரியாகாமல் எந்த இயங்குதளம் போட்டாலும் விழத்தான் செய்யும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கோப்புகளை நகல் எடுத்துவிடு. பிறகு பதினைந்து நாள் நோட்டு எழுது, மோட்டார் போடும் நேரத்தை மறக்காமல் குறி. அந்தப் பக்கங்களையும் ரிலையபிலிட்டி திரையையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அவற்றைப் பார்த்துவிட்டு எதை மாற்றுவது என்று சொல்கிறேன். அதுவரை புதிது வாங்க வேண்டாம் என்று மாமா சொன்னதாக அப்பாவிடம் சொல்.

அன்புடன்,
மாமா