ஏட்டுப் புள்ளியும் தூசிப் புள்ளியும்
புதிய கமராவைச் சோதிக்கும் முறை

கொடிகாமச் சந்தையில் தேங்காய் வாங்குவோர் அதனைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பர். மண்பானை வாங்குவோர் விரலால் தட்டி ஓசை கேட்பர். ஆயின், இவற்றினும் ஆயிரம் மடங்கு விலை கொடுத்து வாங்கும் டிஜிற்றல் கமராவை மட்டும், பெட்டியைத் திறந்த மாத்திரத்தே கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றோம். திருவிழாவையும் திருமணத்தையும் படமெடுப்பதற்கு அது போதுமாகலாம். தென்மராட்சியின் பழைய வீடுகளிற் பரண்மேற் கிடக்கும் ஏட்டுச்சுவடிகளைப் படமெடுக்க முன்வரும் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணாக்கர்க்கும் அது போதாது. ஏன் போதாது என்பதையும், சோதிக்கும் முறையையும் இங்குச் சிறிது ஆராய்வாம்.

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர் மெய்யெழுத்துக்களுக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதற்குக் காரணம் கூறுவர். ஆகவே, வாகட ஏடொன்றிற் 'கலகம' என நான்கு எழுத்துக்கள் காணப்படின், அது பூசலாகிய கலகமோ, மருந்தை அரைத்தெடுத்த விழுதாகிய கல்கமோ என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. அப்புள்ளியும் ஏட்டில் விடுபட்டமையால், எரியும் ஏரியும் அங்கே ஒரே வடிவின. 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் இத்தகைய ஏடுகளோடுதான் போராடினார்கள்.

இனி, அவ்வாகட ஏட்டின் படத்தில் லகரத்தின் தலைமேல் ஒரு கரும்புள்ளி விழுந்ததாகக் கொள்வோம். அது எழுதியவர் இட்ட புள்ளியா, பூச்சி துளைத்த துளையா, அன்றிக் கமராவினுட் கிடந்த தூசியா? ஏடு கையிலிருக்கும்வரை எடுத்துப் பார்த்துத் தெளியலாம். அது செல்லரித்து ஒழிந்த பின்னர்ப் படமே ஏடு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, சுமார் 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அவற்றுட் பலவற்றுக்குப் படமும் இல்லை, படியும் இல்லை.

பிலிம் கமராவில் ஒவ்வொரு படத்துக்கும் புதிய பிலிம் பகுதி வந்து நிற்கும். ஒன்றில் ஒட்டிய தூசி அதனோடே நகர்ந்துவிடும். டிஜிற்றல் கமராவிலோ, ஆயுள் முழுவதும் ஒரே உணரிதான். அதன் முன்னுள்ள கண்ணாடித் தகட்டில் ஒரு துகள் அமர்ந்தால், எடுக்கும் படம் ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் அதன் நிழல் விழும். கணக்கிட்டுப் பார்ப்போம். 36 மில்லிமீற்றர் அகலமுள்ள உணரியில் 6000 பிக்சல்கள் நிரையாக உள்ளன எனின், ஒரு பிக்சலின் அகலம் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 6 பங்கு. தலைமயிரின் பருமனுள்ள தூசி பத்துப் பன்னிரண்டு பிக்சல்களை மறைக்கும். 40 சதமமீற்றர் நீளமுள்ள ஓலை அப்படத்தை நிறைத்து நின்றால், ஓலையின் ஒரு மில்லிமீற்றருக்கு 15 பிக்சல்கள். ஆகவே தூசியின் நிழல் ஓலையில் முக்கால் மில்லிமீற்றர் அளவுள்ள புள்ளியாகத் தோன்றும். எழுத்தின் தலைமேல் அமர்வதற்கு இதனினும் பொருத்தமான அளவு வேறில்லை!

தூசியைக் காணும் வழி எளிது. கமராவின் ஐ.எஸ்.ஓ. எண்ணை 100இல் வைத்து, வில்லையின் துவாரத்தை எஃப் 22 அளவுக்குச் சுருக்கி, குவியத்தை வேண்டுமென்றே பிசகவிட்டு, முகிலற்ற வானத்தையோ வெள்ளைச் சுவரையோ படமெடுத்தல் வேண்டும். திரை திறந்திருக்கும் ஒன்றிரண்டு செக்கன்களில் கமராவை மெல்ல அசைத்தல் நன்று. சுவரின் கறைகள் கலைந்து மறையும், தூசியின் நிழலோ அசையாது நிற்கும். படத்தைக் கணினியில் முழு அளவுக்குப் பெருக்கி மூலை முடுக்கெல்லாம் பார்க்குக. துவாரம் அகன்றிருந்தால் ஒளி பல திசைகளிலிருந்தும் வந்து நிழலைக் கரைத்துவிடும். சுருங்கினால் நிழல் கூர்மையுறும். ஆதலால் எஃப் 22இல் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஏடுகளை எடுக்கும் எஃப் 8இலும் அது தெரிகின்றதா என்பதே வினா.

வில்லையை மாற்றிய பின்னரும் புள்ளி அதே இடத்தில் நின்றால் அது உணரியின் குற்றமே. வில்லையின் முன்முகத் தூசி பெரும்பாலும் படத்தில் தெரிவதில்லை. அதைத் துடைத்துத் துடைத்தே வில்லையைக் கீறியவர் பலர். உருவம் உணரியிலே தலைகீழாக விழுவதால், படத்தின் மேல் இடப்பக்கத்திற் காணும் தூசி, கமராவை முன்னிருந்து நோக்குவோர்க்குக் கீழ் இடப்பக்கத்திற் கிடக்கும். றப்பர்க் குமிழால், கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு ஊதலாம். வாயால் ஊதுதல் ஆகாது. எச்சிற்றுளி தூசியினும் கொடிது. சோளகக் காற்று வீசும் நாளில், நம்மூர் மணலொழுங்கையில் நின்று வில்லையைக் கழற்றுவாருக்கு நாம் கூறத்தக்கது யாதுமில்லை.

இரண்டாவது சோதனை இருளில். வில்லையை மூடியால் அடைத்து 30 செக்கன் படமெடுத்தால், கறுத்த வானில் விண்மீன்கள்போலச் செந்நிறமும் நீலமும் வெண்மையுமான பொட்டுக்கள் தோன்றும். இவை வெப்பத்தால் மின்னோட்டம் கசியும் பிக்சல்கள். வெப்பம் 6 முதல் 8 பாகை ஏறுந்தோறும் அக்கசிவு ஏறக்குறைய இரட்டிக்கும். குளிரூட்டிய கடையில் நல்லதாய்த் தோன்றிய கமரா நமது பங்குனி வெயிலிற் பொட்டிடுவது இதனாலேயே. அரை நிமிடப் படத்திற் சில பொட்டுக்கள் இருப்பது இயல்பு. அறுபதில் ஒரு பங்கு செக்கனிலும் அவை நின்றால், விற்றவரிடம் கொண்டு செல்க. சில கமராக்களில் இவற்றைக் கண்டு விலக்கும் வசதி உள்ளேயே உண்டு.

மூன்றாவதாக, செங்கற் சுவருக்கு நேரே நின்று ஒரு படம். நான்கு மூலைகளுள் ஒன்று மட்டும் மங்கினால், முதலிற் கமரா நேரே நின்றதா என்று பார்க்க. நின்றதாயின் வில்லையின் உறுப்புக்கள் அச்சுப் பிசகியுள்ளன.

வாங்கிய நாளிற் சோதித்தது போதும் என்று இருத்தலும் ஆகாது. 2012இல் வெளிவந்த நிக்கோன் டி600 என்னும் கமராவில், படமெடுக்க எடுக்கத் துகள்கள் உணரியிற் படிந்தன. 2013 பெப்ரவரியில் அந்நிறுவனம் அறிவுறுத்தல் வெளியிட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் புதிய திரைப்பொறியுடன் டி610 வந்தது. 2014இல் இலவசமாகப் பழுதுபார்க்கவும் நிறுவனம் முன்வந்தது. உணரியை அதிரச்செய்து தூசியை உதறும் பொறி 2003இலேயே ஒலிம்பஸ் ஈ-1 கமராவில் அமைந்துவிட்டது. எனினும் ஒட்டும் துகளை அவ்வதிர்வு உதறாது. ஆகவே முதல் ஆயிரம் படங்களின் பின்னும், அதன்பின் ஒவ்வொரு சுவடியைத் தொடங்கும் முன்னும் வெண்சுவர்ச் சோதனை நடத்துக.

புள்ளி விழுந்த படத்தைக் கணினியில் அழித்துத் திருத்தலாமே என்பர். மணமகளின் கன்னத்தில் விழுந்த தூசியை அழிக்கட்டும், தடையில்லை. ஏட்டுப் படத்தில் அது தகாது. அழிக்கும் கருவி பக்கத்து ஓலை நிறத்தை எடுத்து அப்புவது. தூசியோடு எழுத்தாணிக் கீறலையும் விழுங்கிவிடும், விழுங்கியது எவருக்கும் தெரியாது. உணரியைத் தூய்மை செய்து அவ்வேட்டை மீண்டும் எடுப்பதே முறை. அது இயலாவிடின் மூலக் கோப்பைத் தொடாது விடுக.

வெண்படம், இருட்படம், சுவர்ப்படம் ஆகிய மூன்றையும் எடுத்த நாளைக் குறித்து, அச்சுவடியின் படங்களோடு ஒரே கோவையில் வைத்தல் வேண்டும். லகரத்தின் மேலுள்ள புள்ளியைப் பற்றிப் பிற்காலத்தார் ஐயுற்றால், வெண்படத்தில் அதே இடத்தை நோக்குவர். அங்கும் புள்ளி இருப்பின் அது தூசி. இல்லையேல், எழுதியவர் கையையோ பூச்சியின் பல்லையோ பற்றி அவர்கள் வழக்காடட்டும்.