டச்சும் ஒடியாவும் உறவா?

மாணவர்களே, பெயரைக் குறிக்க நெதர்லாந்தின் டச்சு மொழியில் ‘நாம்’ என்பார்கள். இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் பேசும் ஒடியாவில் அது ‘நாமொ’. ஆனால், ஒரு சொல்லை வைத்து உறவு கொண்டாட முடியாது. தற்செயலாக இருக்கலாம், இரவலாகவும் இருக்கலாம்.

மொழியியலாளர்கள் தேடுவது ஒழுங்கை. இரண்டு, பத்து, பல் ஆகிய சொற்களைப் பாருங்கள். டச்சில் ட்வே, டீன், டான்ட். ஒடியாவில் துயி, தொசொ, தாந்தொ. இந்தத் தகரத்தைப் ‘பந்து’ என்பதில் வருவதுபோல் ஒலியுங்கள். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். (நம் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது.) டச்சு ‘ட்’டில் அந்த அதிர்வு இல்லை. மூன்று சொற்களிலும் இதே மாற்றம்!

இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் அதிர்வொலியை ஒடியா காத்தது. டச்சு உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகள் இழந்தன. 1822இல் இவ்விதியை விளக்கியவர் யாக்கோப் கிரிம். ஆம், தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர்தான்.

“தமிழிலும் தந்தம் உண்டே!” என்கிறீர்களா? அது சமஸ்கிருதத்திலிருந்து வந்த இரவல். நம் சொந்தச் சொல் ‘பல்’. தமிழ் திராவிடக் குடும்பம்.

இனி அதே மூன்று சொற்களை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் யார் பக்கம்?