உதவியாளருக்கும் உரிய பாடம்

என் பல் சிகிச்சை நிலையத்தில் நோயாளிகளுக்கு அரைமயக்கம் கொடுத்து அறுவை செய்கிறேன். மயக்க மருந்துப் பயிற்சி வகுப்புக்கு நான் மட்டும் போனால் போதாதா?
– பல் மருத்துவர், மதுரை

போதாது, டாக்டர், உதவியாளரையும் அவசியம் அழைத்துச் செல்லுங்கள். தங்கள் கண்ணும் கையும் நோயாளியின் வாய்க்குள்ளேயே லயித்திருக்கும் வேளையில், அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று கவனிக்கும் பொறுப்பு உதவியாளரையே சார்கிறது. பிராணவாயு செலுத்தப்படும்போது, சுவாசம் நின்ற பின்னரும் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் சிறிது நேரம் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கக்கூடுமாதலால், வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் காப்னோகிராஃபில் அலை மறைந்த கணமே அதை உரக்கச் சொல்லவும், மோவாயை உயர்த்திச் சுவாசப் பாதையைத் திறக்கவும் அவர் அறிந்திருப்பது இன்றியமையாதது. "அலை இல்லை, டாக்டர்" என்று தயங்காமல் சொல்லும் தைரியமும் அப்பியாசத்தால் வருவதே.

அரைமயக்கம் தரும் மிடசோலாமின் முறிமருந்தான ஃப்ளூமசெனிலின் வீரியம் அம்மருந்தினுடையதற்கு முன்னதாகவே தணிந்துவிடுமாதலின், கண்விழித்த நோயாளி மீண்டும் மயங்கக்கூடும், அவரை உடனே வீட்டுக்கு அனுப்பலாகாது என்பதை இருவருமாகவே படியுங்கள். பிறகு மாதம் ஒருமுறை, தங்கள் நிலையத்து நாற்காலியிலேயே, ஆம்பு பையைக் கையில் எடுத்து ஒத்திகை பாருங்கள். காலியான பிராணவாயு சிலிண்டரும், அலமாரிச் சாவி யாரிடம் என்ற குழப்பமும் அன்றைக்கே வெளிப்பட்டுவிடும்.