சாளரம் மாறலாம், வரலாறு மாறலாகாது

கற்றல் நோக்கம்: பதிப்புக் கட்டுப்பாட்டின் பயனை அறிதல், வரலாற்றைக் காட்டும் கருவியை ஆராய்ந்து தேர்ந்தெடுத்தல்.

பாடம்

ஒரு நூலைப் பலர் படியெடுக்கும்போது, படிதோறும் சில சொற்கள் மாறுபடும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தபோது, பல ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்து வைத்தார். மென்பொருள் எழுதுவோருக்கும் இத்தகைய பணி நாள்தோறும் உண்டு. நிரலில் எந்த வரியை, யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கும் முறைக்குப் பதிப்புக் கட்டுப்பாடு என்று பெயர்.

இன்று பெரிதும் பயன்படும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் 'கிட்' ஆகும். அது பிறந்த கதை நமக்கொரு பாடம். லினக்ஸ் கருவை உருவாக்குவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் நிறுவன மென்பொருளை விலையின்றிப் பயன்படுத்தி வந்தனர். 2005இல் அச்சலுகை நிறுத்தப்பட்டது. இரவல் கருவி கைநழுவியதும், லினஸ் டோர்வால்ட்ஸ் அதே ஆண்டு ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். அதைக் கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டார்.

கிட்டில் முழுமையாகப் படியெடுத்த ஒவ்வொரு களஞ்சியமும், அதுவரையிலான வரலாறு முழுவதையும் தன்னுள் கொண்டிருக்கும். ஒரு கணிப்பொறி பழுதானாலும் மற்றொன்றிலுள்ள படி அவ்வரலாற்றைக் காக்கும். கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு 'மீரா இனிமை' என்னும் தமிழ் எழுத்துருவை வெளியிட்டுள்ளது. அதன் மூலக்கோப்புகளும் கிட் களஞ்சியத்திலேயே உள்ளன. விரும்புவோர் எவரும் படியெடுத்துக்கொள்ளலாம்.

களஞ்சியமும் சாளரமும்

கிட்டைக் கட்டளைகளைத் தட்டச்சு செய்தும் இயக்கலாம். வரைகலைக் கருவி வழியாகவும் இயக்கலாம். வரைகலைக் கருவி, கிளைகளைக் கோடுகளாகவும், பழைய வரியையும் புதிய வரியையும் வெவ்வேறு நிறங்களிலும் காட்டும். களஞ்சியம் வீடு என்றால், இக்கருவி அதன் சாளரம். சாளரத்தை மாற்றினால் வீட்டிலுள்ள பொருள் மாறாது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே கருவியைத் தெளிவாகத் தேர்ந்தெடுக்க இயலும்.

தேர்ந்தெடுக்கும் முறை

2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவின் முதல் வழித்தடம் உயர்நீதிமன்றத் துறைக்கும் வைப்பினுக்கும் இடையே அமைந்தது. வைப்பினில் வாழும் நான்கு தமிழ் மாணவர்கள், அப்படகுகளின் நேரத்தைத் தமிழில் காட்டும் சிறு செயலி ஒன்றை எழுதுகிறார்கள் எனக் கொள்வோம். ஒருவர் வீட்டில் விண்டோஸ், மற்றொருவர் வீட்டில் மேக், பள்ளியில் லினக்ஸ். அவர்களுள் ஒருத்தி, தந்தையின் பணிமாற்றத்தால் அடுத்த ஆண்டு திருநெல்வேலிக்குச் செல்லவிருக்கிறாள். இவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

1. எங்கெல்லாம் இயங்கும்? டார்டாய்ஸ்கிட் விண்டோஸுக்கு மட்டுமே உரியது. சோர்ஸ்ட்ரீ விண்டோஸிலும் மேக்கிலும் இயங்கும், லினக்ஸில் இயங்காது. கிட் கோலா, கிட்கிராக்கன் ஆகியவை மூன்றிலும் இயங்கும்.

2. விலையும் உரிமமும் எத்தகையவை? கிட் கோலா கட்டற்ற மென்பொருள். கிட்கிராக்கனில் தனிக் களஞ்சியங்களைக் கையாளக் கட்டணம் உண்டு. பிட்கீப்பரின் கதையை இங்கே நினைவுகொள்க.

3. தமிழைப் பிழையின்றிக் காட்டுமா? கோப்பின் பெயர் தமிழில் இருந்தால், கட்டளை வரியில் கிட் அதனை இயல்பாக \340\256 என்பன போன்ற எண்களாகவே காட்டும். அமைப்பை மாற்றினால் எழுத்துகள் தோன்றும். வரைகலைக் கருவியிலும் ஒரு தமிழ்க் கோப்பைச் சேர்த்துச் சோதித்த பின்னரே முடிவு செய்க.

4. செய்யப்போவதை முன்னரே காட்டுமா? இதுவே தலையாய கேள்வி. பதிவு செய்யப்பட்ட மாற்றத்தைப் பெரும்பாலும் மீட்டெடுக்கலாம். பதிவு செய்யாத மாற்றத்தைக் கைவிட்டால் கிட்டால் அதனை மீட்டுத் தர இயலாது. கட்டளை வரியில் பல சொற்களைத் தட்டச்சு செய்து நேரும் இழப்பு, வரைகலைக் கருவியில் ஒரே சொடுக்கில் நேர்ந்துவிடலாம். ஆதலால், மாறிய வரிகளைத் தெளிவாகக் காட்டி, கைவிடுவதற்கு முன் உறுதி கேட்கும் கருவியே தொடக்க மாணவர்க்கு ஏற்றது.

இக்கேள்விகளை வைத்துப் பார்த்தால், இந்நால்வரும் முதலில் கிட் கோலாவைச் சோதித்துப் பார்ப்பது பொருத்தமாகும். ஒரே கருவியைக் கற்றால் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கலாம். பின்னர் ஒவ்வொருவரும் தமக்கு உகந்த சாளரத்தைத் தேடிக்கொண்டாலும் குறையில்லை. திருநெல்வேலிக்குச் செல்பவள் அங்கே வேறு கணிப்பொறியில் வேறு கருவியைப் பயன்படுத்தினாலும், வைப்பினில் எழுதிய முதல் வரி முதல் அனைத்தும், எழுதியவர் பெயருடன், அவளது படியில் இருக்கும். இடம் மாறுவோர் சுமந்து செல்ல வேண்டியது களஞ்சியத்தையே.

சொற்பொருள்

பாடவேறுபாடு – ஒரு நூலின் படிகளுக்கிடையே காணும் சொல் மாற்றம்
களஞ்சியம் – கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்த தொகுப்பு
கிளை – முதன்மைப் பணியிலிருந்து பிரிந்து வளரும் தனிப் பணி
கட்டற்ற மென்பொருள் – பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கிட் உருவாகக் காரணம் யாது?
2. வரைகலைக் கருவியைச் சாளரம் என்று கூறுவது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
1. கட்டற்ற  2. ஏட்டுச்சுவடி  3. அவ்வரலாறு

இ. சிந்தித்து எழுதுக.
நால்வரும் விண்டோஸ் கணிப்பொறியை மட்டுமே பயன்படுத்தினால், எந்தக் கருவிகளை ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள்? நான்கு கேள்விகளின் வழி நின்று பத்து வரிகளில் எழுதுக.

ஈ. செயல்பாடு
உங்கள் பாட்டி அல்லது தாத்தாவிடம் ஒரு நாட்டுப்புறக் கதையைக் கேட்டு எழுதுக. அதே கதையை உறவினர் மற்றொருவரிடமும் கேட்டு, இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடுகளைச் சொன்னவர் பெயருடனும் நாளுடனும் அட்டவணைப்படுத்துக.